கரடி இருக்குற காட்டுக்கு முதல் தடவ போறீங்களா? கனடாவுல கேம்பிங் போற புதுசுக்காரங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜூன் பொறந்தா போதும், கால்கரி, எட்மண்டன்ல இருக்குற நம்ம ஆளுங்க பேன்ஃப், ஜாஸ்பர், கனானஸ்கிஸ்னு கெளம்பிடுவாங்க, டொரண்டோ பக்கம்னா அல்கோன்குவின் பார்க். புதுசா வந்தவங்க எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான், கரடி எதிர்ல வந்துட்டா என்ன பண்றது. கரடி நம்ம பக்கம் வராம இருக்க என்ன பண்ணனும்னு கேக்குறவங்க ரொம்பக் கம்மி, ஆனா உசுரு காப்பாத்துறது பெரும்பாலும் அந்த ரெண்டாவது கேள்விதான். அதனால இந்தக் கட்டுரைல முக்காவாசி அதப் பத்திதான் இருக்கும், எதிர்ல வந்தா என்ன பண்றதுங்குறது கடைசில வரும், அதுவரைக்கும் பொறுமையா படிங்க.

பயப்பட வேண்டிய அளவு எவ்வளவுன்னு முதல்ல சொல்லிடறேன். பேன்ஃப் பார்க்குக்கு மட்டும் வருஷத்துக்கு 40 லட்சம் பேருக்கு மேல வந்துட்டுப் போறாங்க, அதுல கரடிகிட்ட அடிபடறவங்க ரொம்ப ரொம்ப அபூர்வம். வீட்லயே இருங்கன்னு சொல்ல நான் எழுதல. போங்க, குழந்தைங்களையும் கூட்டிட்டுப் போங்க, அந்த மலையும் ஏரியும் பாக்காம இந்த நாட்ல இருந்து பிரயோஜனமே இல்ல. ஆனா தெரிஞ்சுட்டுப் போங்க.

முதல் ஸ்டெப்: நீங்க போற எடத்துல எந்தக் கரடி இருக்கு

கனடாவுல கேம்பிங் போறவங்க சந்திக்கக்கூடியது ரெண்டு வகை, கருப்புக் கரடி, கிரிஸ்லி. போலார் பேர் ஹட்சன் பே பக்கமும் ஆர்க்டிக்லயும்தான், அங்க தனியா யாரும் கேம்பிங் போக மாட்டீங்க, அத விட்டுடலாம். ஒண்டாரியோவுலயும் கியூபெக்லயும் கிரிஸ்லி கெடையாது, அங்க பாக்குறது கருப்புக் கரடிதான், ஒண்டாரியோவுல மட்டும் ஒரு லட்சம் வரைக்கும் இருக்கலாம்னு அரசாங்கமே சொல்லுது. ஆல்பர்ட்டா மலைப்பக்கமும் பிரிட்டிஷ் கொலம்பியாவும் யூகானும்னா ரெண்டுமே உண்டு. ஆல்பர்ட்டால கிரிஸ்லிய 2010லயே ஆபத்துல இருக்குற விலங்குன்னு அறிவிச்சுட்டாங்க, பேன்ஃப் பார்க் முழுக்க சேத்து ஒரு 65 கிரிஸ்லி இருக்கும், அவ்ளோதான்.

கலர வெச்சு அடையாளம் கண்டுபுடிக்காதீங்க. கருப்புக் கரடின்னு பேரு இருந்தாலும் அதுல பிரவுன், லேசான செம்பட்டை எல்லாம் இருக்கு, கிரிஸ்லில கிட்டத்தட்ட கருப்பா இருக்குறதும் உண்டு. பாக்க வேண்டியது தோள்பட்டை. கிரிஸ்லிக்கு முன்னங்கால் ரெண்டுக்கும் மேல ஒரு திமில் மாதிரி சதை தூக்கிட்டு நிக்கும், கருப்புக் கரடிக்கு அது இல்ல, அதுக்குப் பின்பக்கம்தான் ஒசரமா இருக்கும். கிரிஸ்லி மூஞ்சி நடுவுல குழிஞ்சிருக்கும், காது சின்னதா உருண்டையா இருக்கும், முன்னங்கால் நகம் நீளமா தரைல பதியும். கருப்புக் கரடிக்கு நெத்தில இருந்து மூக்கு வரைக்கும் நேரா ஒரே கோடு, காது கொஞ்சம் நிமிந்து கூரா இருக்கும். இதெல்லாம் பார்க் விசிட்டர் சென்டர்ல படத்தோட வெச்சிருப்பாங்க, குழந்தைங்களுக்கு அங்கயே காட்டிடுங்க, பெரியவங்களவிட அவங்கதான் ஞாபகம் வெச்சுக்குவாங்க. ஆனா நெசமாவே ஒரு கரடி எதிர்ல நிக்கும்போது இது எந்த வகைங்குறதவிட அது என்ன மனநிலைல இருக்குங்குறதுதான் பெருசு, அத கீழ விவரமா சொல்றேன்.

ரெண்டாவது: எந்த மாசம் போறீங்க, அப்ப அது என்ன சாப்பிட்டுட்டு இருக்கும்

மார்ச் கடைசிலயோ ஏப்ரல்லயோ ஆண் கரடி தூங்கி எந்திரிச்சு வெளிய வரும், குட்டியோட இருக்குற தாய் இன்னும் கொஞ்சம் லேட்டா வரும். அப்ப மலை மேல எல்லாம் பனி, புல்லு மொளைக்கிற எடம் பள்ளத்தாக்கும் ரோட்டோரமும்தான், அதனால மே ஜூன்ல ரோட்டோரத்துல டேன்டிலியன் பூவ மேஞ்சுட்டு நிக்கிற கரடி சாதாரணமா கண்ணுல படும்.

ஜூலை பாதிக்கு மேலதான் உஷாரா இருக்கணும். பஃபலோபெர்ரின்னு ஒரு செடி, இடுப்பு உயரத்துல புதர் மாதிரி இருக்கும், சின்னச் சின்ன செவப்பு பழம், அது பழுக்குற நேரம் அது. ராக்கீஸ் மலைத்தொடர்ல இருக்குற கிரிஸ்லிக்கு குளிர் காலத்துக்கான கொழுப்பு பெரும்பாலும் இந்தப் பழத்துல இருந்துதான் வருது, ஒரு நாளைக்கு 2 லட்சம் பழம் வரைக்கும் ஒரே கரடி சாப்பிடும்னு பார்க்ஸ் கனடா (தேசியப் பூங்காங்கள நடத்துற அரசாங்க அமைப்பு) சொல்றாங்க. இதுல நமக்கு என்னன்னா, இந்தச் செடிக்கு வெயில் வேணும், அதனால மரத்த வெட்டி தொறந்து விட்ட எடத்துலதான் நல்லா வளரும், அதாவது நம்ம நடக்குற டிரெயில் ஓரம், கேம்ப்கிரவுண்ட் ஓரம், ரோட்டோரம். தலைய புதருக்குள்ள விட்டு தின்னுட்டு இருக்குற கரடிக்கு நீங்க வர்றது காதுலயே விழாது. அந்தச் செடி எப்படி இருக்கும்னு ஒரு தடவ படத்துல பாத்து வெச்சுக்குங்க, டிரெயில்ல அது ரெண்டு பக்கமும் செவப்பா காச்சு தொங்குதுன்னா அங்க பேச்சு சத்தத்த கூட்டிட்டு நடக்கணும்.

கெளம்புறதுக்கு முன்னாடி பார்க்ஸ் கனடா வெப்சைட்ல டிரெயில் எச்சரிக்கை, மூடல் ரெண்டையும் பாருங்க. எச்சரிக்கைன்னா போலாம் ஆனா ஜாக்கிரதை, மூடல்னா போகவே கூடாது, போனா ஃபைன். மொரெய்ன் லேக் பக்கம் லார்ச் வேலி மாதிரி சில டிரெயிலுக்கு கரடி நடமாட்டம் இருக்குற சீசன்ல குறைஞ்சது 4 பேர் சேந்து ஒட்டி ஒட்டி நடக்கணும்னு சட்டமாவே போடுவாங்க. நீங்க ரெண்டு பேர்தான்னா டிரெயில் ஆரம்பத்துல நின்னு இன்னொரு குடும்பத்தோட சேந்துக்குங்க, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க, கேக்க கூச்சப்பட வேணாம்.

மூணாவது: பேர் ஸ்பிரே

இது மொளகாய்க் காரத்த கேஸோட அடைச்ச டப்பா. கரடி கண்ணு மூக்கு தொண்டை எல்லாம் கொஞ்ச நேரம் எரிஞ்சு திரும்பி ஓடிடும், அதுக்கு நிரந்தரமா ஒண்ணும் ஆகாது. வேலை செய்யுமான்னு சந்தேகப்படறவங்களுக்கு: அலாஸ்காவுல நடந்த சம்பவங்கள வெச்சு 2008ல ஒரு ஆய்வு வந்துச்சு, பிரவுன் கரடி (கிரிஸ்லியும் இந்த இனம்தான்) மேல அடிச்ச சம்பவங்கள்ல 92 சதவீதம் கரடி அந்த நடத்தைய நிறுத்திடுச்சு, ஸ்பிரே வெச்சிருந்தவங்கள்ல 98 சதவீதம் பேருக்கு காயமே இல்ல.

கால்கரி, கேன்மோர், பேன்ஃப்ல அவுட்டோர் கடைங்கள்ல கெடைக்கும், பேன்ஃப்ல வாடகைக்கும் தர்றாங்க. வாங்கும்போது எக்ஸ்பைரி தேதிய பாருங்க, கூடவே இடுப்புல மாட்டுற உறையும் சேத்து வாங்குங்க. உறை இல்லாம வாங்குறவங்க என்ன பண்றாங்கன்னா பேக்பேக் உள்ள போட்டுடறாங்க, அடில லஞ்ச் டப்பா, மேல ஜாக்கெட், நடுவுல ஸ்பிரே. கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல ஓடும், மேடு பள்ளம் எல்லாம் அதுக்கு ஒண்ணுதான், உசேன் போல்ட் ஓடுன உச்ச வேகமே 45 கிலோமீட்டருக்குள்ளதான். 30 மீட்டர் தள்ளி இருக்குற கரடி உங்ககிட்ட வர ரெண்டு மூணு செகண்டு, அந்த நேரத்துல நீங்க ஜிப்ப தொறந்துட்டு இருக்கக் கூடாது. இடுப்புலயோ நெஞ்சுப் பட்டைலயோ தான் இருக்கணும், குரூப்ல ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா பத்தாது, பெரியவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒண்ணு.

அடிக்கிற முறை இதான். மேல இருக்குற சேஃப்டி கிளிப்ப கட்டைவிரலால பின்னாடி இழுத்து கழட்டணும், ரெண்டு கையாலயும் புடிச்சு, கரடிக்கு நேரா கொஞ்சம் கீழ பாத்து, அது 7, 8 மீட்டர் தூரத்துக்குள்ள வரும்போது ஒண்ணு ரெண்டு செகண்டு அமுக்கணும். அது ஓடி வரும்போது தலைய தாழ்த்திட்டு வரும், அதான் கீழ அடிக்கச் சொல்றது, நடுவுல ஒரு காரப் புகை மூட்டத்த போடறீங்க, கரடி அதுக்குள்ள நுழையுது. நிக்கலைன்னா மறுபடி. டப்பால மொத்தமே சில செகண்டுதான் இருக்கும், ஒரேயடியா காலி பண்ணிடாதீங்க. காத்து உங்க பக்கம் வீசுனா உங்களுக்கும் எரியும், அப்பவும் அடிக்கத்தான் வேணும். கரடி போனதும் அந்த எடத்துலயே நிக்காம கெளம்பிடுங்க. வீட்டுக்குப் பின்னாடி நின்னு கிளிப்ப கழட்டி மாட்டி பழகிக்குங்க, அமுக்கிடாம. காரம் இல்லாத பிராக்டிஸ் டப்பாவும் விக்கிறாங்க, அது ரொம்ப நல்லது.

அப்புறம் சின்ன சின்ன விஷயம். கொசு மருந்து மாதிரி உடம்புலயோ டென்ட் மேலயோ அடிக்கக் கூடாது, அது எரியறது மட்டுமில்ல, காஞ்ச அந்த வாசனைய மோந்து பாக்க கரடியே வரும். வெயில்ல கார் டேஷ்போர்டுல வெச்சா வெடிக்கும். ஃப்ளைட்ல கைப்பைலயும் செக்-இன்லயும் ரெண்டுலயும் கூடாது, டொரண்டோல இருந்து பறந்து வர்றவங்க இங்க வந்து வாங்கிட்டு, திரும்பும்போது எங்க குடுக்கலாம்னு விசிட்டர் சென்டர்ல கேளுங்க. அமெரிக்கால யோசெமிட்டி போறவங்களுக்கு ஒண்ணு, அங்க பேர் ஸ்பிரேவே தடை, அங்க கருப்புக் கரடி மட்டும்தான், சாப்பாட்ட இரும்பு லாக்கர்ல பூட்டுறதுதான் அங்க கட்டாயம். ஒரு பார்க் ரூல இன்னொரு பார்க்குக்கு எடுத்துட்டுப் போகாதீங்க.

நாலாவது: சாப்பாடு. இத நிறுத்தி நிதானமா படிங்க

நம்ம கேம்பிங்னா அது ஒரு சமையல் திருவிழா, எனக்கும் தெரியும், மசாலா தடவுன சிக்கன், பிரியாணி அண்டா, காலைல தோசைக் கல்லு, யாராச்சும் ஒருத்தர் கருவாடு கூட கொண்டு வந்திருப்பாங்க. சமைக்கிறதுல தப்பே இல்ல, நல்லா சமைச்சு சாப்பிடுங்க. சமைச்சு முடிச்சதுக்கு அப்புறம் என்ன பண்றீங்கங்குறதுலதான் எல்லாம் இருக்கு.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா இதுக்கு ரத்தத்துல எழுதுன வரலாறு இருக்கு. 1967 ஆகஸ்ட் 13, அமெரிக்கால மொன்டானா பக்கம் கிளேசியர் நேஷனல் பார்க், ஒரே ராத்திரில வேற வேற ரெண்டு எடத்துல வேற வேற ரெண்டு கிரிஸ்லி, 19 வயசுப் பொண்ணுங்க ரெண்டு பேர கொன்னுடுச்சுங்க. அந்தப் பார்க் தொறந்தது 1910ல, அந்த ராத்திரி வரைக்கும் கிரிஸ்லியால அங்க ஒரு சாவு கூட கெடையாது. ஒரு எடத்துல மலை விடுதில மிச்சமான சாப்பாட்ட பின்னாடி கொட்டி, கரடி வந்து திங்கிறத ராத்திரில விருந்தாளிங்களுக்கு காட்டிட்டு இருந்தாங்க. இன்னொரு எடத்துல அந்த சம்மர் முழுக்க கேம்ப் போட்டவங்க சாப்பாட்ட ஒரு கரடி வந்து எடுத்துப் பழகி இருந்துச்சு. மனுசன் இருக்குற எடம்னா சாப்பாடு இருக்கும்னு நம்மளே சொல்லிக் குடுத்தோம், அது கத்துக்கிச்சு.

பேன்ஃப்லயும் இதே கதை. 1980ல டவுனுக்கு ஒட்டுன மாதிரி இருக்குற விஸ்கி கிரீக்ங்குற புதர்க்காட்டுல அடுத்தடுத்து ஆளுங்க தாக்கப்பட்டாங்க, ஒருத்தர் செத்துட்டாரு. பக்கத்து ரெஸ்டாரன்ட் குப்பைக்கு வந்து பழகுன கரடி. முதல்ல ஒரு கருப்புக் கரடிய சுட்டுட்டு முடிஞ்சதுன்னு நெனச்சாங்க, மறுபடி தாக்குதல் நடந்துச்சு, அப்புறம்தான் அது ஒரு கிரிஸ்லின்னு தெரிஞ்சுது. இன்னைக்கு பேன்ஃப் ஃபுல்லா கரடியால தொறக்க முடியாத அந்த இரும்புக் குப்பைத்தொட்டி இருக்குல்ல, அதுக்குப் பின்னால இந்தக் கதை இருக்கு. புதுசுக்காரங்க நெறைய பேர் அத தொறக்கத் தெரியாம குப்பைப் பைய பக்கத்துலயே வெச்சுட்டுப் போறாங்க, தயவுசெஞ்சு வேணாம். கைப்பிடி மூடிக்கு உள்ள கைய விட்டா மேல ஒரு தாழ் தட்டுப்படும், அத விரலால அமுக்கிட்டு இழுங்க, தொறக்கும்.

சரி, கேம்ப்சைட்ல என்ன பண்ணனும். நீங்க மேசைய விட்டு எந்திரிச்சுப் போனா, பாத்ரூம் போற ரெண்டு நிமிஷம்னாலும் சரி, தூங்கப் போனாலும் சரி, மேசை மேலயும் தரைலயும் வாசனை உள்ள பொருள் ஒண்ணு கூட இருக்கக் கூடாது. கூலர் பூட்டி இருக்குன்னு வெளிய விடாதீங்க, கரடிக்கு அது ஒரு பொருட்டே இல்ல. எல்லாம் காருக்குள்ள, இல்லைன்னா கேம்ப்கிரவுண்டு லாக்கருக்குள்ள. கார் கண்ணாடி மேல ஏத்தி, கதவ பூட்டி வைங்க, கரடிக்கு கார் கதவு கைப்பிடி தொறக்கத் தெரியும்.

வாசனைன்னா சாப்பாடு மட்டும்னு நெனைக்காதீங்க. கழுவாத பாத்திரம், அடுப்பு, எண்ணெய் பாட்டில், காலி கோக் டின், குப்பைப் பை, டூத்பேஸ்ட், சோப்பு, சன்ஸ்கிரீன், தலைக்குத் தேச்சுக்குற தேங்கா எண்ணெய், குழந்தை பால் பாட்டில், டயப்பர், நாய் சாப்பாட்டுத் தட்டு, கொசுவுக்கு கொளுத்துற ஊதுபத்தி, எல்லாமே. டென்ட்டுக்குள்ள ஒரு சாக்லேட் கூட வேணாம், குழந்தைங்க பாக்கெட்ட தடவிப் பாத்துட்டு படுக்க வைங்க. சிக்கன் வறுத்த டிரெஸ்ஸோட படுக்காதீங்க, மாத்திட்டு அதயும் கார்ல போடுங்க.

அரிசி கழுவுன தண்ணி, ரசம் மிச்சம், எலும்பு, இதெல்லாம் புதருக்குப் பின்னாடி கொட்டுற பழக்கம் நம்மகிட்ட இருக்கு. ஏரிலயும் கழுவாதீங்க. கேம்ப்கிரவுண்டுல பாத்திரம் கழுவுற தண்ணி ஊத்தன்னு தனி எடம் இருக்கும், சோத்துப் பருக்கைய வடிகட்டி குப்பைல போட்டுட்டு அங்க ஊத்துங்க. எலும்பு நெருப்புல போட்டா எரிஞ்சுடும்னு சொல்றாங்க, எரியாது, வாசனைதான் ஊரெல்லாம் பரவும்.

பார்க்ஸ் கனடா ஆளுங்க ராத்திரி ரவுண்ட்ஸ் வருவாங்க, வெளிய கூலர் இருந்தா எடுத்துட்டே போயிடுவாங்க, ஃபைனும் வரும், கோர்ட்டுக்குப் போனா 25,000 டாலர் வரைக்கும் போகலாம். அவங்க மேல கோவப்படாதீங்க. ஒரு தடவ நம்ம கூலர்ல ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசில அத சுட வேண்டிய நெலமைக்கு கொண்டு வந்து விட்டுடும். நம்ம ஒரு ராத்திரி சோம்பேறித்தனத்துக்கு ஒரு உசுரு.

டென்ட்ல தூங்க பயமா இருக்குற குடும்பம்னா லேக் லூயிஸ்ல டென்ட் கேம்ப்கிரவுண்ட சுத்தி மின்வேலி போட்டிருக்காங்க, முதல் தடவைக்கு அது நல்ல எடம், சீக்கிரமே புக் ஆகிடும். அதுக்காக உள்ள சாப்பாட்ட வெளிய விடலாம்னு இல்ல.

காட்டுக்குள்ள நடந்து போய் ராத்திரி தங்குறவங்களுக்கு தனி: சமைக்கிற எடம், சாப்பாடு வைக்கிற எடம், தூங்குற எடம் மூணும் தனித்தனி, டென்ட்ல இருந்து ஒரு 100 மீட்டர் தள்ளி சமைங்க. லாக்கரோ, சாப்பாட்ட மேல தூக்கிக் கட்டுற கேபிளோ இருக்குற கேம்பா பாத்து புக் பண்ணுங்க, இல்லைன்னா கரடி தொறக்க முடியாத அந்த கெட்டி டப்பாவ தூக்கிட்டுப் போகணும்.

அஞ்சாவது: நடக்கும்போது

கரடிய திடுக்கிட வைக்காம இருக்குறதுதான் குறிக்கோள். கிரிஸ்லி தாக்குதல்ல பெரும்பாலானது, குட்டியோட இருக்கும்போதோ செத்த விலங்கு பக்கத்துல இருக்கும்போதோ திடீர்னு ரொம்ப கிட்டத்துல மனுசன் வந்து நின்னதுனாலதான். நீங்க வர்றது முன்னாடியே தெரிஞ்சா அதுவே ஒதுங்கிடும், நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க.

அதனால பேசிட்டே போங்க, பாட்டு பாடுங்க, கைய தட்டுங்க. ஆறு ஓடுற சத்தம் இருக்குற எடம், காத்து எதிர்ல அடிக்கிற எடம், வளைவு, அடர்ந்த புதர், இந்த நாலு எடத்துலயும் நல்லா சத்தமா கத்துங்க. சுவனீர் கடைல விக்கிற சின்ன மணிய பைல கட்டிட்டு போறாங்க, அது பத்தாது, அந்த சத்தம் பக்கத்துல வந்தாத்தான் கேக்கும், மனுசக் குரல் மாதிரி வராது. காதுல இயர்பட்ஸ் வேணாம். விடியக்காலையும் சாயங்காலமும் இருட்டுற நேரமும் தவிருங்க. குழந்தைங்க முன்னாடி ஓடிப் போக விடாதீங்க, நடுவுல நடக்கட்டும். நாய் இருந்தா கயித்த விடாதீங்க, அவுத்து விட்ட நாய் கரடிய பாத்து கொலைச்சுட்டு அப்புறம் பயந்து உங்ககிட்டதான் ஓடி வரும், பின்னாடியே கரடியும்.

ஓட்டம், சைக்கிள் ரெண்டும் கரடி இருக்குற டிரெயில்ல ரிஸ்க்தான், சத்தமும் இல்ல வேகமும் அதிகம். 2016ல அதே மொன்டானா கிளேசியர் பார்க் பக்கத்துல ஒருத்தர் வளைவுல சைக்கிள்ல வேகமா வந்து நேரா ஒரு கிரிஸ்லி மேலயே மோதி உசுரு போச்சு. அழுகுன வாடை அடிக்குது, காக்கா கூட்டமா சுத்துதுன்னா அங்க செத்த விலங்கு கெடக்கு, கரடி பக்கத்துலதான் படுத்திருக்கும், வந்த வழியே திரும்புங்க. மலைல நெறைய எடத்துல போன் சிக்னல் சுத்தமா இல்ல, லேக் லூயிஸ்ல இருந்து ஜாஸ்பர் போற ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே ரோடு முக்காவாசி அப்படித்தான், நாள் முழுக்க நடக்குறவங்க சாட்டிலைட்ல மெசேஜ் அனுப்புற கருவி ஒண்ணு வாடகைக்காச்சும் எடுங்க, எப்ப திரும்புவீங்கன்னு ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போங்க.

ஆறாவது: ரோட்டோரக் கரடி

ரோட்டோரம் கரடி நின்னா 20 கார் நின்னுடும், ஆளுங்க எறங்கி போன தூக்கிட்டு கிட்ட போவாங்க. கரடிகிட்ட இருந்து 100 மீட்டர் தள்ளி இருக்கணும்ங்குறது பார்க் ரூல், அதாவது ஒரு ஃபுட்பால் கிரவுண்டு நீளம். கார்ல இருந்து எறங்கவே கூடாது, சாப்பாடு தூக்கிப் போடவே கூடாது, முடிஞ்சா நிக்காமலே மெதுவா கடந்து போயிடுங்க.

யோஹோ பார்க்ல நகோடான்னு எல்லாரும் கூப்புட்ட ஒரு வெள்ளை கிரிஸ்லி இருந்துச்சு, கிரிஸ்லில வெள்ளை நிறம் ரொம்ப அபூர்வம். அத பாக்க ஜனங்க நின்னு நின்னு, அது ரோட்டுக்கும் காருக்கும் பழகிடுச்சு, பார்க் ஆளுங்க அந்த எடத்துல வண்டிய நிறுத்தவே கூடாதுன்னு தடை போட்டு காவல் எல்லாம் வெச்சாங்க. 2024 ஜூன்ல ஒரே நாள்ல காலைல அதோட ரெண்டு குட்டியும் கார் அடிச்சு செத்துச்சு, சாயங்காலம் அதுக்கும் அடிபட்டு கொஞ்ச நாள்ல அதுவும் போச்சு. ஒரு போட்டோவுக்கு எவ்ளோ வெலைன்னு அன்னைக்கு எல்லாருக்கும் தெரிஞ்சுது, எனக்கு இப்ப எழுதும்போதும் மனசு கனக்குது.

ஏழாவது: எதிர்ல வந்துட்டா

ஓடாதீங்க. இத முதல்ல மனசுல ஏத்துங்க, ஓடுனா தொரத்துற விலங்கு அது. மரம் ஏறவும் வேணாம், கருப்புக் கரடி நம்மளவிட வேகமா ஏறும், கிரிஸ்லியும் ஏறும். நில்லுங்க, குழந்தைய தூக்கிக்குங்க, எல்லாரும் ஒண்ணா சேந்து நில்லுங்க, ஸ்பிரேவ கைல எடுத்து கிளிப்ப கழட்டிடுங்க. தாழ்ந்த குரல்ல நிதானமா பேசுங்க, தமிழ்லயே பேசுங்க, மனுசன்னு அதுக்குத் தெரியணும், அவ்ளோதான். பேச்சக் குடுத்துட்டே மெதுவா பின்னாடி நகருங்க. பைய கழட்டிப் போடாதீங்க, அது உங்க முதுகுக்கு கவசம். பின்னங்கால்ல எந்திரிச்சு நின்னா பயந்துடாதீங்க, அது நம்மள மோந்து பாத்து யாருன்னு தெரிஞ்சுக்க நிக்கிறது, தாக்குறதுக்கு இல்ல.

இப்ப அதோட மனநிலைய படிக்கணும். பல்ல கடகடன்னு அடிக்குது, மூச்ச உஸ்ஸு உஸ்ஸுன்னு விடுது, தரைய அறையுது, எச்சி ஒழுகுதுன்னா அது பயந்து போய் தன்னயோ குட்டியயோ காப்பாத்திக்கப் பாக்குது. அது திடீர்னு பாஞ்சு வரும், பெரும்பாலும் கிட்ட வந்து நின்னு திரும்பிடும், சும்மா மெரட்டல். நின்ன எடத்துலயே நில்லுங்க, கிட்ட வந்தா ஸ்பிரே. அப்படியும் மேல வந்து தொட்டுடுச்சுன்னா செத்த மாதிரி படுக்கணும்: குப்புற படுத்து, கால அகட்டி வெச்சு, அப்பதான் உருட்ட முடியாது, ரெண்டு கையயும் பின்கழுத்துல கோத்துக்குங்க, பை முதுகுலயே இருக்கட்டும். நீங்க ஆபத்து இல்லன்னு தெரிஞ்சா அது போயிடும், இந்த மாதிரி தாக்குதல் பொதுவா 2 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும்னு பார்க்ஸ் கனடா சொல்றாங்க. போன உடனே எந்திரிக்காதீங்க, சத்தம் அடங்கி கரடி தூரமா போயிடுச்சுன்னு நல்லா தெரிஞ்ச அப்புறம் எந்திரிங்க.

இன்னொரு வகைதான் மோசம். சத்தமே இல்லாம, தல நிமிந்து, கண்ண எடுக்காம உங்கள பின்தொடர்ந்து வருது, ஒதுங்கிப் போனாலும் விடல, இல்லைன்னா ராத்திரி டென்ட்ட கிழிச்சுட்டு வருது. அதுக்கு நீங்க இரை. அங்க செத்த மாதிரி நடிச்சா முடிஞ்சது கதை. பெருசா தெரியற மாதிரி கைய தூக்கி கத்துங்க, கல்லு, கட்ட, ஸ்பிரே, கைல கெடச்சதெல்லாம், மூக்கும் கண்ணும் பாத்து அடிங்க, விடாம அடிங்க. தற்காப்பு தாக்குதலா ஆரம்பிச்சு 2 நிமிஷத்துக்கு மேலயும் விடாம கடிச்சுட்டே இருந்தாலும் திருப்பி அடிக்க ஆரம்பிச்சிடணும்.

கருப்புக் கரடி சாதுன்னு ஒண்டாரியோக்காரங்க நெனைக்கிறதுண்டு, தாய்க் கரடிதான் ஆபத்துன்னும் சொல்வாங்க. வட அமெரிக்கால 1900ல இருந்து 2009 வரைக்கும் கருப்புக் கரடியால செத்தவங்க 63 பேர், 110 வருஷத்துக்கு அது சின்ன எண்ணிக்கைதான், ஆனா அதுல 88 சதவீத சம்பவம் இரையா நெனச்சு வந்தது, அப்படி வந்ததுல 92 சதவீதம் ஆண் கரடி. குட்டியோட இருக்குற தாய் இல்ல. 1991 அக்டோபர்ல அல்கோன்குவின் ஒபியோங்கோ ஏரித் தீவுல ரெண்டு பேர கொன்னதும் அப்படி ஒரு ஆண் கருப்புக் கரடிதான். அதனால கருப்புக் கரடி உங்கள பாத்து ஓடாம சத்தமில்லாம பின்னாடியே வந்தா, முதல் நிமிஷத்துலயே எதிர்த்து நிக்க ஆரம்பிங்க.

எல்லாம் சரியா பண்ணாலும் நூறு சதவீதம் உத்தரவாதம்னு நான் பொய் சொல்ல மாட்டேன். 2023 செப்டம்பர்ல பேன்ஃப்ல ரெட் டீர் ஆத்துப் பள்ளத்தாக்குல நல்ல அனுபவம் உள்ள ஒரு ஜோடியும் அவங்க நாயும் கிரிஸ்லி தாக்கி செத்துட்டாங்க, சாப்பாட்ட சரியாத்தான் மேல கட்டி வெச்சிருந்தாங்க, ஸ்பிரேவும் வெச்சிருந்தாங்க. அது வயசான பெண் கிரிஸ்லி, பல்லு கெட்டு, உடம்புல கொழுப்பு வழக்கத்தவிட கம்மியா இருந்துச்சு. அந்த மாதிரி ரொம்ப அபூர்வம், ஆனா செப்டம்பர் கடைசில ஆளில்லாத உள்காட்டுல தங்கப் போறவங்க இதையும் தெரிஞ்சுட்டு முடிவு எடுங்க, முதல் வருஷமே அங்க போகத் தேவையில்ல.

எட்டாவது: சட்பரி, டிம்மின்ஸ், தண்டர் பே, பிரின்ஸ் ஜார்ஜ் மாதிரி ஊருக்கு குடி வந்தவங்களுக்கு

படிக்கவும் வேலைக்கும் இந்த ஊருங்களுக்கு இப்ப நம்ம பசங்க நெறைய வர்றாங்க, அங்க கரடி கேம்பிங்ல இல்ல, தெருவுலயே வரும். குப்பைய முந்தின நாள் ராத்திரியே வெளிய வைக்காதீங்க, வண்டி வர்ற காலைல வைங்க. கிரில்ல ஒவ்வொரு தடவயும் சுட்டு சுத்தம் பண்ணுங்க. பறவைக்கு தீனி தொங்க விடறத குளிர்காலத்துல மட்டும் வெச்சுக்குங்க. பின்னாடி ஆப்பிள் மரம் இருந்தா பழத்த பறிச்சிடுங்க, கீழ விழுந்தத பொறுக்கிடுங்க. பிரிட்டிஷ் கொலம்பியால இப்படி வீட்டுப் பக்கம் பழகுன கருப்புக் கரடிய வருஷா வருஷம் நூத்துக்கணக்குல சுட வேண்டி வருது.

தெருவுல, டிரெயில்ல, கேம்ப்ல எங்க கரடிய பாத்தாலும் சொல்லிடுங்க. ஆளுக்கு ஆபத்துன்னா 911. பார்க்குக்குள்ள சாதாரணமா பாத்ததுன்னா அந்தந்த பார்க் டிஸ்பேட்ச் நம்பர், உள்ள நுழையும்போது தர்ற மேப்ல இருக்கும், சிக்னல் இருக்கும்போதே போன்ல சேவ் பண்ணிக்குங்க. ஒண்டாரியோல கரடியப் பத்தி சொல்ல பேர் வைஸ்னு (Bear Wise) தனி போன் லைன் இருக்கு. எந்த எடம், எத்தன மணி, குட்டி இருந்துச்சா, என்ன பண்ணிட்டு இருந்துச்சு, உங்கள பாத்து ஒதுங்குச்சா கிட்ட வந்துச்சா, இவ்ளோ சொன்னா போதும். காதுல கலர் டேக் இருந்தா எந்தக் காதுல என்ன கலர்னு சொல்லுங்க, அத வெச்சு அது எந்தக் கரடின்னு அவங்க கண்டுபுடிச்சு, தேவைப்பட்டா அந்த டிரெயில மூடிடுவாங்க.